சின்னப் பிள்ளைகளை மட்டும் அடித்த என் மகன்

2022 மார்ச் மாதக் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், ஃபேன் நிற்கும். உள்ளே இருக்க முடியாமல் ஐந்தாம் மாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் நடைபாதைக்கு வந்துவிடுவார்கள். பெரியவர்கள் வாசலில் கதிரை போட்டு இருப்போம். அன்று நான் டோர்ச் வெளிச்சத்தில் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. சோடா மூடிகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவன் ஓடிவந்த வேகத்தில் அந்த வரிசையைக் காலால் தட்டிவிட்டுப் போனான். மகன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து மூடிகளைத் திரும்ப அடுக்கினான். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் கதவு வீட்டுச் சின்னவன், நான்கு வயது, பக்கத்தில் வந்து குந்தியிருந்து ஒரே ஒரு மூடியைக் கையில் எடுத்தான். அவ்வளவுதான். மகன் அவனைத் தள்ளி விழுத்தி, கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு முதுகில் மூன்று தரம் குத்தினான்.

நான் இலையைப் போட்டுவிட்டு ஓடினேன். மகனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், அகப்பைக் காம்பால் காலில் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. அவன் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த நாள் காலை சின்னவனின் தாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கட தம்பி எங்கட சின்னவனைத்தான் தேடித் தேடி அடிக்கிறான். பெரிய பொடியங்களைக் கண்டா வாய் திறக்காமல் நிக்கிறான்."

அந்த இரண்டு வசனங்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. ஏனென்றால் நான் உயர்தர உயிரியல் ரியூசன் கொடுப்பவள். பெரியவர்களிடம் அடங்கி, சின்னவர்கள் மேல் பாயும் ஒரு பிராணியைப் பற்றி நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

அது ஹாம்ஸ்டர், எலி மாதிரி ஒரு சிறு பிராணி. 1998இல் அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வு. பருவமெய்தும் வயதிலுள்ள ஆண் ஹாம்ஸ்டர்களைத் தினமும் கொஞ்ச நேரம் ஒரு முரட்டு வளர்ந்த ஹாம்ஸ்டரின் கூட்டில் விட்டார்கள். அவை அங்கே கடிபட்டன, துரத்துப்பட்டன. பெரிதாக வளர்ந்த பிறகு அவற்றைச் சோதித்தபோது, தங்கள் அளவுள்ள ஹாம்ஸ்டர் முன்னால் ஒதுங்கின. தங்களைவிடச் சிறிய, நோஞ்சான் ஹாம்ஸ்டரை விட்டால் பாய்ந்து கடித்தன. மூளையைப் பார்த்தால், ஹைபோதலமஸ், எங்கள் பாடநூல் பரிவகக்கீழ் என்று சொல்லும் பகுதி, அதன் முன்பக்கத்தில் வாசோபிரெசின் என்ற ஹோர்மோன் குறைந்திருந்தது, செரட்டோனின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு முனைகள் கூடியிருந்தன. கடிபட்ட நாட்கள் மூளையின் இரசாயனத்திலேயே தங்கிவிட்டன.

என் பிள்ளை ஹாம்ஸ்டர் இல்லை. ஒரு விலங்கில் கண்டதை அப்படியே ஒரு குழந்தைமேல் ஒட்டக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆனாலும் அந்த நடைபாதையில் நான் கண்டது அதே வடிவம். இவனை அடித்தது யார் என்று தேட நான் வெளியே போகவேண்டியிருக்கவில்லை. நானும் அவன் அப்பாவும்தான்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் அடி ஒரு பெரிய விஷயமாக இருந்ததில்லை. கொப்பி எழுதாவிட்டால் ஒன்று, சாப்பிடாவிட்டால் ஒன்று. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கோணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கோணும்" என்று மாமா, என் கணவரின் அப்பா, அடிக்கடி சொல்வார். முருங்கையை ஒடித்தால் அது பக்கக் கிளை விடும், உண்மை. பிள்ளை எந்தப் பக்கம் கிளை விடுகிறது என்று நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது, அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு அப்படி ஒன்றும் வந்து சேரவில்லை, நானும் தேடவில்லை.

அடி மட்டும்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். தனிமையும் இருந்தது. மகன் 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு. கொழும்பில் மே மாதக் கடைசி வரை அது நீண்டது. ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தைத் திரும்பவும் மூடினார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத பிள்ளை, இரண்டு அறை வீடு, நான் ஒரு அறையில் சூம் வகுப்பு. அவன் ஃபோனோடு மற்ற அறையில். ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரை, மற்றப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு சண்டை பிடித்துச் சமாதானம் ஆகவேண்டிய காலம் முழுக்க அப்படித்தான் போனது.

அந்தக் காலம் ஏன் முக்கியம் என்றால், கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்துச் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது. மனிதர் கையால் அடிப்பது, கடிப்பது, தள்ளுவது மிகக் கூடுதலாக இருப்பது பதினாறு வயதில் இல்லை, இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட வயதில். அதற்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளில் அது குறைந்துகொண்டே போகிறது. அடிக்கப் பிள்ளை யாரிடமும் படிக்கத் தேவையில்லை. அடிக்காமல் இருக்கத்தான் படிக்கிறது, அதுவும் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில். என் மகனுக்கு அந்த வகுப்பு நடக்கவேயில்லை.

தனிமை மூளையை என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவில் டேவிட் அண்டர்சனின் ஆய்வகம் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. சுண்டெலிகளை இரண்டு கிழமை தனியாக வைத்தார்கள். பிறகு கூட்டுக்குள் புதிதாக ஒரு எலியை விட்டால் பாய்ந்து தாக்கின. பயந்தால் அந்தப் பயம் நெடுநேரம் இறங்கவில்லை. மூளையின் பல பகுதிகளில் நியூரோகைனின் என்ற சிறு புரதம் ஏறியிருந்தது. அது வேலை செய்வதை ஒரு மருந்தால் தடுத்தபோது அந்த மூர்க்கம் அடங்கியது. ஒரு நாள் மட்டும் தனியாக வைத்த எலிகளில் இந்த மாற்றம் வரவில்லை. அப்படியிருக்க, அடித்த பிள்ளைக்குத் தண்டனையாக நான் என்ன செய்தேன்? அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

இனி, நாங்கள் செய்த மாற்றங்கள். எல்லாம் உடனே பலிக்கவில்லை. சிலது பிழையாகவும் போனது.

முதலில் நான் மாற்றியது சண்டையில் குறுக்கே போகும் நேரத்தை. அதுவரை சண்டை முடிந்த பிறகுதான் போய் நீதி சொல்வேன். யார் முதலில் தொட்டது, யார் மன்னிப்புக் கேட்பது. அந்த நேரத்தில் மகன் ஏற்கெனவே வென்றுவிட்டான். வெற்றிதான் இங்கே ஆபத்து. அண்டர்சனும் டாயூ லின்னும் 2011இல் சுண்டெலியின் ஹைபோதலமஸில் ஒரு சிறு பகுதியை ஒளியால் தூண்டினார்கள். அமைதியாக இருந்த ஆண் எலி பெண் எலியைத் தாக்கியது, ஊதிய ரப்பர் கையுறையைக்கூடத் தாக்கியது. அதே பகுதியைப் பற்றி 2020இல் இன்னொரு ஆய்வு வந்தது. நாளுக்கு நாள் சண்டையில் வென்ற எலிகளில், அந்தப் பகுதிக்கு வரும் நரம்பிணைப்புகள் வலுத்திருந்தன. நாங்கள் பாடம் மனப்பாடம் செய்யும்போது மூளையில் இணைப்புகள் வலுப்பது எப்படியோ, அதே மாதிரி. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த பாய்ச்சலை இலகுவாக்கியது. எல்லா எலிகளுக்கும் அப்படி ஆகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சில எலிகள் சந்தர்ப்பம் கொடுத்தும் சண்டைக்குப் போகவேயில்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது 2021இல் நடந்த ஒன்று. மகன் முதன்முதலாகக் கீழ்மாடிப் பிள்ளை ஒன்றை அடித்துவிட்டு வந்தபோது மாமா அவனைத் தூக்கி, "எங்கட பொடியன் அடி வாங்கிக்கொண்டு வரேல்ல, அடிச்சிட்டு வந்திருக்கிறான்" என்று சொல்லி ஒரு சொக்லேட் வாங்கிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

ஆகவே முதல் அடி விழுவதற்கு முன்னால் நான் அங்கே இருக்கவேண்டும். இரண்டு கிழமை ஒரு வேலையும் செய்யாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பதற்கு முன் அவனுக்குக் காது மடல் சிவக்கும். கீழுதட்டை உள்ளே மடிப்பான். பெருவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துக் கையைப் பொத்துவான். அந்தப் பெருவிரல் உள்ளே போகும்போதே நான் எழுந்து போய் இரண்டு பேருக்கும் நடுவில் நிலத்தில் இருந்துவிடுவேன். சத்தம் போடமாட்டேன். சண்டைக்குக் காரணமான சாமானை என் மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். யாரும் வெல்லாமல் அது முடியும். ஆரம்பத்தில் அவன் என்னை முதுகில் குத்தினான். அப்போதும் நான் அடிக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மே, ஜூன் ஆகும்போது காது சிவந்தால் அவனே என் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். நேரத்தையும் கவனித்தேன். பத்துச் சண்டையில் ஏழு எட்டு பின்னேரம் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில், பசியோடு இருக்கும்போது. ஐந்து மணிக்கே பாணும் சம்பலும் கொடுக்கத் தொடங்கியதில் பாதிச் சண்டை குறைந்தது என்றால் நம்புவீர்களோ தெரியாது.

பிழையாகப் போனது தலையணை. கோபம் வந்தால் தலையணையைக் குத்தச் சொல்லுங்கோ என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். செய்து பார்த்தோம். தலையணையைக் குத்திக் குத்தி முகம் சிவந்து, அறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ட பிள்ளையைத் தள்ளினான். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இலேயே இதைச் சோதித்திருக்கிறார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது, சும்மா இருந்தவர்களுக்குத்தான் குறைந்தது. மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்பது அழுகைக்குச் சரியாக இருக்கலாம். கைநீட்டலுக்குச் சரிவரவில்லை.

என்னை அதிகம் வருத்தியது முகங்கள். ஒரு நாள் ஏன் சின்னவனைத் தள்ளினாய் என்று கேட்டேன். "அவன் என்னைக் கோவமாப் பாத்தவன்" என்றான். சின்னவன் அப்போது தும்மப் போயிருந்தான், நானே கண்டேன். அமெரிக்காவில் செத் பொல்லக் என்பவரின் ஆய்வுகளில், வீட்டில் அடிபட்ட பிள்ளைகளுக்கு மங்கலான முகப்படத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கிக் காட்டினார்கள். மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே அவர்கள் கோபத்தைக் கண்டுகொண்டார்கள். அடி விழும் வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. அதே கண்ணோடு நடைபாதைக்கு வந்தால், தும்மப் போகும் முகமும் அடிக்க வரும் முகமாகத் தெரியும்.

அதனால் இரவில் படுக்கும்போது ஒரு விளையாட்டு வைத்தோம். நான் ஒரு முகம் காட்டுவேன், அவன் சொல்லவேண்டும். தலையிடி முகம். வெயிலில் வந்த முகம். உப்பு மறந்துபோன முகம். முதல் மாதம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "அம்மா கோவம்." ஒரு நாள் என் களைத்த முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நித்திரை" என்றான். அன்று அவன் தூங்கிய பிறகு நான் அழுதேன்.

இப்போது கணவர். அந்த வருடம் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்றுவிட்டு வருவார், அடுத்த நாள் வேலைக்குப் போவார். வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தாலும் கை ஓங்கும். "இஞ்சேருங்கோ, இனி இவனில கை வைக்க வேண்டாம், நானும் வைக்கமாட்டன்" என்றேன். "என்னை அப்பா அடிச்சுத்தான் வளர்த்தவர். நான் என்ன கெட்டா போனன்?" என்று கேட்டார். ஆய்வுகளைச் சொன்னேன், எடுபடவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "அந்த அடியில எது ஞாபகமிருக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த நாள். பெல்ட்டின் கொளுக்கி. தொடையில் எந்த இடம் என்று தொட்டுக் காட்டினார். எதற்காக அடி விழுந்தது என்பது நினைவிருக்கிறது, அதனால் என்ன திருந்தினேன் என்பது நினைவில்லை என்றார். அன்றைக்கே நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு தரம் அடித்தார். இரண்டாம் தரம் அடித்துவிட்டு, தானே மகனிடம் போய், "அப்பா செய்தது பிழை" என்று சொன்னார். மாமா அதைக் கேட்டுக்கொண்டு பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தார். அவர் வாயிலிருந்து அந்த முருங்கைப் பழமொழி அதற்குப் பிறகு வரவில்லை.

கடைசியாக, கூட்டம். அறைக்குள் பூட்டுவதை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் போனோம். சனி, ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலுக்கோ கீழே வாகனம் நிறுத்தும் இடத்துக்கோ பெரிய பொடியங்களோடு டெனிஸ் பந்துக் கிரிக்கெட்டுக்கு அனுப்பினோம். அங்கே அவன் சின்னவன், பந்து பொறுக்குபவன். முதலில் பயந்தான். அன்று மூடியைத் தட்டிவிட்ட அதே பன்னிரண்டு வயதுப் பொடியனிடம், "தம்பியைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளப்பு" என்று நான் போய்ச் சொன்னேன். அவன் மகனுக்குப் பந்து போடப் பழக்கினான். தன்னைவிடப் பெரிய ஒருவனிடம் அடி வாங்காமல் இருக்கும் அனுபவம் அவனுக்கு அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

இது தனக்குப் போதாது என்று நினைக்கும் பெற்றோர் தயங்காமல் உதவி தேடுங்கள். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் மனநலத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. ஒரு பிள்ளை வதைபடுவதைக் கண்டால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை.

பெரியவர்களின் கூட்டமே மாறுமா என்று கணவர் ஒருமுறை கேட்டார். கென்யாவில் ரொபர்ட் சபோல்ஸ்கி பார்த்துவந்த பபூன் குரங்குக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 1980களில், உல்லாச விடுதியொன்றின் குப்பையைச் சண்டை பிடித்துத் தின்ற முரட்டு ஆண்கள் காசநோய் தொற்றிச் செத்துப்போயின. மிஞ்சியவை சாதுவானவை. அதிசயம் அது இல்லை. பபூன் ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போகும். வருடங்கள் கழித்து வெளியிலிருந்து வந்து சேர்ந்த புது ஆண்களும் அந்தக் கூட்டத்தின் சாதுவான பழக்கத்தையே எடுத்துக்கொண்டன. 2004இல் அதை எழுதினார். எங்கள் ஐந்தாம் மாடிக்குப் போன வருடம் ஒரு புதுக் குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை முதல் நாளே ஒருவனைத் தள்ளினான். மற்றப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு, "இஞ்ச அடிக்கிறேல்ல" என்றார்கள், ஏதோ கிரிக்கெட் சட்டம் மாதிரி.

மகன் இப்போதும் கோபக்காரன்தான். கதவை அறைந்து சாத்துவான், கொப்பியைக் கிழிப்பான். ஆளில் கை வைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

பல உயிரினங்களில், வென்றதன் பாதிப்பு மறைந்த பிறகும் தோற்றதன் பாதிப்பு நீடிக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை நான் மூன்றாம் கதவு வீட்டுச் சின்னவனில் காண்கிறேன். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பின்னேரங்களில் கணக்குக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவான், மகன்தான் சொல்லிக்கொடுப்பான், பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறான். ஆனால் சின்னவன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுப்பதில்லை. மகனின் கை எட்டாத தூரத்தில்தான் போட்டு இருப்பான், கழுத்தை நீட்டிக் கொப்பியைப் பார்ப்பான். கிட்ட வா என்று நான் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன், கதவைத் திறந்தபடி.